பழக்கமில்லாத பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஊர்ச்சுவரில் எழுதலாமா?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சுய உதவிக் குழுப் பெண்கள் எட்டுப் பேர், குழந்தைத் திருமணத்துக்கு எதிராக ஊர்ச்சுவர்களில் கையாலேயே எழுத நினைக்கிறார்கள். யாருக்கும் பெயிண்டிங் பழக்கமில்லை. ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று வீட்டில் சொல்கிறார்களாம். கையால் எழுதுவதால் ஏதாவது மாறுமா என்பது கேள்வி. இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பழகாத கையால் தெளிவாக எழுத முடியுமா, எழுதியது வெயில் மழைக்கு நிற்குமா, நின்றாலும் ஒரு கல்யாணத்தையாவது தள்ளிப்போட வைக்குமா. முதல் இரண்டுக்கும் உறுதியான பதில் உண்டு. மூன்றாவதற்கு ஓரளவுக்குத்தான் உறுதி சொல்ல முடியும்.

பெண்கள் தாங்களே எழுத்து வரைந்து வீதிக்குக் கொண்டுவந்தது புதிதல்ல. லண்டனில் 1907-இல் மேரி லவுண்ட்ஸ் என்ற வண்ணக் கண்ணாடி ஓவியர் முன்னின்று 'ஆர்ட்டிஸ்ட்ஸ் சஃப்ரேஜ் லீக்' என்ற குழுவைத் தொடங்கினார். 1908 ஜூன் 13 அன்று நடந்த பெண்கள் ஓட்டுரிமை ஊர்வலத்துக்கு ஏராளமான பேனர்களை அந்தக் குழு வடிவமைத்துக் கொடுத்தது. நமக்குப் பக்கத்தில், பெங்களூரில் 2016-இல் தொடங்கிய 'அரவாணி ஆர்ட் புராஜெக்ட்' திருநங்கையரும் பிற பெண்களும் சேர்ந்து பொதுச்சுவர்களில் வரையும் குழு. உங்கள் மாவட்டத்துக்கும் ஒரு முன்வரலாறு இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு ஆதரவோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியதே 1989-இல், அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில்தான். குழுவாகக் கூடவும் கணக்கு வைக்கவும் அங்கே பெண்கள் முப்பது வருடத்துக்கு மேலாகப் பழகியிருக்கிறார்கள். சுவரெழுத்துக்குப் பாதி மூலதனம் அதுதான்.

ஃப்ளெக்ஸா, கையெழுத்தா என்பதற்கு நேரடியாகவே சொல்கிறேன். ஃப்ளெக்ஸை இரவில் கட்டிவிட்டுப் போய்விடலாம். யார் கட்டினார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு சுவரைக் கையால் எழுத மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் பால் ஊற்றப் போகிறவர், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் நின்று கேட்பார்கள். என்ன எழுதுறீங்க, எதுக்கு, யார் சொன்னது என்று வரும் அந்தப் பேச்சு கையெழுத்தால் நிச்சயமாகக் கிடைக்கும் லாபம். அதனால் எட்டுப் பேரில் ஒருவர் பிரஷ்ஷையே தொடக்கூடாது. வருகிறவர்களுக்கு நிதானமாகப் பதில் சொல்வது மட்டும் அவர் வேலை. இப்படி ஆளை ஒதுக்காமல் எல்லோரும் சுவர் பக்கம் திரும்பி எழுதினால், மூன்று நாள் உழைப்பில் பாதி வீண்.

இனி சுவர். பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, பள்ளிச் சுற்றுச்சுவர் என்று ஆள் நிற்கிற இடம் நல்லது. நெடுஞ்சாலையோரச் சுவர் பார்க்கப் பெரிதாக இருக்கும், ஆனால் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்து நொடிக்கு 36 அடி கடக்கிறது. 150 அடி தூரத்துக்குத் தெரியும் சுவரைப் படிக்க நான்கு நொடிதான் கிடைக்கும். அதற்குள் ஆறேழு சொல்லுக்கு மேல் கண்ணில் ஏறாது. தரையிலிருந்து இரண்டரை அடி வரை எதுவும் எழுதாதீர்கள். மழைச் சேறு தெறிப்பதும், ஓதம் ஏறுவதும், ஆடுமாடு உரசுவதும் அந்த உயரத்தில்தான்.

புதுச் சிமெண்ட் பூச்சு என்றால் தண்ணீர் காட்டி, காய்ந்து, மொத்தம் 28 நாளாவது ஆன பிறகே பெயிண்ட். பூச்சில் இருக்கும் காரம் எனாமல் என்ற எண்ணெய் பெயிண்டைத் தின்று, பிசுபிசுப்பாக்கி உரித்துவிடும். பழைய சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் உள்பக்கம் நீர்த்துளி பூத்திருந்தால் அந்தச் சுவர் வேண்டாம். அதில் உப்புப் பூத்து, எந்தப் பெயிண்டையும் பின்னாலிருந்து தள்ளும். அடுத்து உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால் அது சுண்ணாம்புச் சுவர். போகிக்கு வெள்ளையடித்த சுவரில் தை மாதமே எமல்ஷன் என்ற தண்ணீரில் கலக்கும் பெயிண்டைப் பூசி, ஆறு மாதத்தில் தோல் தோலாக உரிந்து போவதை எங்கும் பார்க்கலாம். பெயிண்டின் மேல் தப்பில்லை, அது சுண்ணாம்பு மாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, சுவரை அல்ல. கம்பி பிரஷ்ஷாலும் சுரண்டியாலும் சுண்ணாம்பை எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, வெளிச்சுவர் பிரைமர் என்ற அடிப்பூச்சு ஒரு கோட் கொடுங்கள். பழைய கட்சி விளம்பரம் எனாமலில் இருந்தால் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்த பிறகே பிரைமர்.

அளவுக்கு 20 அடி அகலம், 8 அடி உயரச் சுவரை எடுத்துக்கொள்வோம். 160 சதுர அடி. பிரைமர் இரண்டு லிட்டர். வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு மூன்று லிட்டர் போதும், சொரசொரப்பான பூச்சென்றால் நான்கு. எழுத்து நிறம் அரை லிட்டர்கூடச் செலவாகாது, ஆனால் எமல்ஷனை ஒரு லிட்டராக வாங்குவதுதான் வசதி, மீதியில் தொட்டுத் திருத்தலாம். நிறம் கூட்டும் ஸ்டெயினர் பாட்டிலை வெள்ளையில் ஊற்றி அடர் நிறம் வரவைக்கப் பார்க்காதீர்கள். அளவு மீறினால் காயாது, கை பட்டால் ஒட்டும், மழையில் வழியும். கடையில் மிக்ஸிங் மெஷினில் அடர் நிறமாகவே கலந்து வாங்குங்கள். சிலர் பளபளப்புக்காக எனாமல் என்பார்கள். தகட்டுப் போர்டுக்கு எனாமல் சரி, சுவருக்கு எமல்ஷன்தான். எமல்ஷனில் டர்பன்டைன், தின்னர் வேலையே இல்லை, தண்ணீரில் பிரஷ் கழுவலாம். குழுவில் கர்ப்பிணியோ பால் கொடுப்பவரோ இருந்தால் இது முக்கியம். வீடுகளுக்கான பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு (90 பி.பி.எம்.) மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதற்கு முந்தைய பழைய டப்பாக்களை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நிறத்தில் இரண்டு எச்சரிக்கை. வெள்ளை மேல் மஞ்சள், பச்சை மேல் சிவப்பு இரண்டும் பத்தடிக்கு அப்பால் தெரியாது. பளீர்ச் சிவப்பும் ரோஸும் மேற்கு வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். செம்மண் சிவப்பு இரும்பு ஆக்சைடு நிறமி, அது வெயிலுக்கு அசையாது. இன்னொன்று, உங்கள் பகுதியில் எந்த நிறத்தோடு எந்த நிறம் சேர்ந்தால் எந்தக் கட்சிக்கொடி, எந்தச் சாதிச் சங்கக் கொடி என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூட்டில் எழுதிய சுவரை ஊரில் பாதிப் பேர் படிக்காமலே கடந்துவிடுவார்கள். வெள்ளையில் செம்மண் நிற எழுத்து பாதுகாப்பானது. ஆனால் ஓரத்தில் செங்குத்துப் பட்டை போடாதீர்கள், கோயில் சுவர் போலாகிவிடும்.

எழுத்தளவில்தான் பழகாதவர்கள் அதிகம் தவறுகிறார்கள். நின்று படிப்பவருக்குப் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது சைன் பெயிண்டர்களின் பழைய கணக்கு. தமிழ் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம், அதனால் அதை ஒன்றரை மடங்காக்குங்கள். வண்டியில் போகிறவருக்கு இரண்டு மடங்கு. எழுத்தின் உடல் என்பது 'ப' நிற்கும் உயரம். 'தி', 'தீ'யின் மேல்வளைவும் புள்ளியும் அதற்கு மேலே போகும், 'மு', 'கு', 'ழ' எல்லாம் கீழே இறங்கும். உடல் ஓர் அடி என்றால் மேலே அரை அடி, கீழே அரை அடி விட்டு, ஒரு வரிக்கு மொத்தம் இரண்டடி ஒதுக்க வேண்டும். இதை விடாததால்தான் மேல்வரி 'ழு'வின் வால் கீழ்வரி 'தீ'யின் தலையில் இடிக்கிறது. கோடு தடிமன் உடல் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. அதற்கு மேல் தடித்தால் 'ண', 'ஞ' போன்றவற்றின் சுழி அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிடும்.

அகலத்தை முன்கூட்டிக் கணக்கிடுங்கள். உடல் உயரத்தை ஒரு பங்கு என்று வைத்தால், ப, ம, க, ட ஒவ்வொன்றும் ஒரு பங்கு அகலம். 'ன', 'ள' ஒன்றேகால் முதல் ஒன்றரை. 'ண' இரண்டு. 'ர'வும் துணைக்காலும் முக்கால். எழுத்துக்கு நடுவே ஐந்தில் ஒரு பங்கு, சொல்லுக்கு நடுவே முக்கால் பங்கு. 'மகள் படிக்கட்டும்' என்ற வரியைக் கூட்டினால் கிட்டத்தட்ட 13 பங்கு வரும். ஓரடி உடலுயரத்தில் எழுதினால் 13 அடி. 20 அடிச் சுவரில் இரு பக்கமும் மூன்றரை அடி வெற்றிடம் நிற்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பப் பூவும் கொடியும் வரையத் தோன்றும், விட்டுவிடுங்கள். எழுத்து தூரத்திலிருந்து தெரிவதே சுற்றியிருக்கும் வெறுமையால். கணக்குப் போடாமல் இடது ஓரத்தில் தொடங்கினால் கடைசி மூன்றெழுத்து நெருங்கிச் சாய்ந்து போகும். ஊரில் பாதிச் சுவர்களில் இதைக் காணலாம்.

முதலில் அடிக்கு ஓர் அங்குலம் என்று கட்டத்தாளில் வரையுங்கள். சுவரில் ரசமட்டமோ டியூப் லெவலோ வைத்து இரு முனையிலும் புள்ளி குறித்து, சாக்பீஸ் பொடி தடவிய நூலை இழுத்துச் சுண்டினால் நேர்க்கோடு விழும். தரையை நம்பி அளக்காதீர்கள், நம் தெருக்களில் தரை மட்டம் இருக்காது. ஒரே எழுத்து பல சுவரில் வரப்போகிறதென்றால், பெரிய பழுப்புத்தாளில் ஒருமுறை சரியாக வரைந்து, தையல்காரர் பயன்படுத்தும் டிரேசிங் வீலால் கோட்டோரம் ஓட்டித் துளையிடுங்கள். தாளைச் சுவரில் ஒட்டி, கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டினால் புள்ளி புள்ளியாக வடிவம் இறங்கும். வாசலில் புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் இழுத்துப் பழகிய கைக்கு இதன் மேல் பிரஷ் ஓட்டுவது ஒரு வாரத்தில் படிந்துவிடும். அந்த ஒரு வாரமும் பழைய பேப்பரில் தண்ணீர் தொட்டு எழுதிப் பழகுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098 போன்ற எண்களுக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஸ்டென்சில் வெட்டலாம். 0, 9, 8-இன் உள்வட்டம் விழுந்துவிடாமல் இரண்டு பாலம் விட்டு வெட்டி, கிட்டத்தட்டக் காய்ந்த ஸ்பான்ஜால் பெயிண்டைத் தட்டி, பிறகு பாலத்தைப் பிரஷ்ஷால் மூடுங்கள்.

ஓரடி எழுத்துக்கு ஒன்றரை அங்குலப் பட்டை பிரஷ், அரையடி எழுத்துக்கு முக்கால் அங்குலம், ஓரம் சீர் செய்ய எட்டாம் நம்பர் ஃபிளாட் பிரஷ். எழுத்துக்கான எமல்ஷனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது. வழிவதற்கு முதல் காரணம் தண்ணீர், இரண்டாவது காரணம் பிரஷ்ஷை முழுக்க முக்குவது. மயிரின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனைத்து, ஒரு பக்கம் டப்பா விளிம்பில் துடையுங்கள். விரலை அசைத்து எழுதினால் கோடு நடுங்கும், தோளிலிருந்து கை முழுவதும் நகர வேண்டும். இடக்கையில் நுனிக்குத் துணி சுற்றிய மூன்றடிக் குச்சியைச் சுவரில் ஊன்றி, அதன் மேல் வலக்கை மணிக்கட்டை வைத்துக்கொண்டால் நடுக்கம் பாதி குறையும். வெயில் ஏறிய சுவரில் எழுதாதீர்கள், பெயிண்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்து இழுபடும். கிழக்குப் பார்த்த சுவரை மதியத்துக்கு மேல், மேற்குப் பார்த்ததைக் காலையில். கோட்டுக்குக் கோட் நான்கு மணி நேரம். ஏணி நான்கடி உயரத்துக்கு ஓரடி தள்ளி நிற்க வேண்டும், கீழே ஒருவர் பிடிக்க வேண்டும். சேலையை ஒட்ட இழுத்துச் செருகுங்கள், சுடிதார் என்றால் துப்பட்டா வேண்டாம். பொங்கல் கழிந்து மார்ச் முடிவு வரை மழை குறைவு. அதோடு, பரீட்சை முடிந்து பெண்பிள்ளைகள் வீட்டில் இருக்கும் கோடை விடுமுறைக்கும் வைகாசி முகூர்த்தங்களுக்கும் முன்பே சுவர் தயாராகிவிடும்.

எழுதும் வாசகத்துக்கு வருகிறேன். 'குழந்தைத் திருமணத்தை ஒழிப்போம்' என்பது யாரையும் தொடாது. பதினாறு வயது மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் அப்பா அவளைக் குழந்தை என்று நினைப்பதே இல்லை. 'சிறை, அபராதம்' என்று மிரட்டும் வாசகம் சட்டப்படி உண்மைதான். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி திருமண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. மணக்கும் வயதுவந்த ஆணுக்கும், நடத்தி வைப்பவர்களுக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். ஆனால் அதை மட்டுமே எழுதினால் கல்யாணம் நிற்காமல் வேறு ஊர்க் கோயிலுக்கு இடம் மாறும் என்பது என் கணிப்பு. பெற்றோர் அவசரப்படுவதற்குக் காரணங்கள் உண்டு. வேலைக்குப் பெங்களூர், திருப்பூர் போகும்போது பெண்ணை யாரிடம் விடுவது, மேல்நிலைப் பள்ளி தூரம், காதலித்துப் போய்விடுவாளோ என்ற பயம். சுவர் அந்தக் காரணங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் என்பது பதில். அரசுச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதும் பதில். பெண்பிள்ளையே படித்து உதவி கேட்க 1098 என்ற எண் பதில். சுவரில் மிகப் பெரிய எழுத்தாக அந்த எண்ணே இருக்கட்டும், ஒன்றேகால் அடி உயரத்தில்.

குழுவினர் யாருடைய கைப்பேசி எண்ணையும் எழுதாதீர்கள், இரவில் தொல்லை வரும். அரசு எண்கள் மட்டும் போதும், குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. மணக்கோலத்தில் அழும் சிறுமிப் படம் வேண்டாம். போன மாதம் கல்யாணமான பெண்ணின் வீடு எதிரில் இருந்தால் அது அவளைச் சுட்டிக்காட்டும் சுவராகிவிடும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் எழுதுவதானால் தெலுங்கோ கன்னடமோ ஒரு வரி சேர்க்க வேண்டும், அந்த மொழியில் பள்ளி படித்த ஒருவர் தாளில் திருத்திய பிறகே சுவருக்குப் போக வேண்டும். தமிழுக்கும் அதேதான். ஒற்றுப் புள்ளி ஒன்று விட்டுப்போனாலும், படித்த பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், சொல்லவந்தது போய்விடும். தமிழாசிரியர் ஒருவரிடம் தாளைக் காட்டிக் கையெழுத்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

பொது இடங்களில் அனுமதியின்றி எழுதுவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 1959-லிருந்து இருக்கிறது. தனியார் சுவருக்கு உரிமையாளரிடமும், பள்ளி, ஊராட்சிச் சுவருக்கு அந்தந்தப் பொறுப்பாளரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் சுவரெழுத்துகளை வெள்ளையடித்து மறைப்பார்கள். உங்களுடையது கட்சி விளம்பரம் அல்ல என்று காட்ட அந்தக் கடிதம் உதவும். வாசகத்தை மாவட்டச் சமூக நல அலுவலரிடம் முன்பே காட்டிவிடுங்கள், குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரும் அவர்தான். சட்ட வரிகளைச் சரிபார்க்க வேண்டியவர் அவர், எழுத்து வேலை தெரிந்தவர் அல்ல. அப்படிப் போய்வந்தால் அலுவலகத்துக்கும் உங்கள் குழுவுக்கும் அறிமுகமும் ஏற்படும். சுவரைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை உங்களைத் தேடி வரும் நாளில் அது தேவைப்படும்.

அப்படியானால் சுவர் கல்யாணத்தை நிறுத்துமா? சுவர் மட்டும் நிறுத்தாது. உறுதியாகச் சொல்லக்கூடியது, எண் தெரியாத பிள்ளைக்கு எண் தெரியும், திட்டம் தெரியாத தாய்க்குத் திட்டம் தெரியும், இந்த ஊரில் இதைப் பற்றிப் பேசும் பெண்கள் எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மனம் மாறுவது அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் சுவரின் கீழ் வலது மூலையில், பெயிண்டர்கள் தங்கள் 'ஆர்ட்ஸ்' பெயர் போடும் இடத்தில், குழுவின் பெயரை மூன்று அங்குல எழுத்தில் போடுங்கள். எழுதியவர் யாரென்று தெரியாத சுவரிடம் யாரும் உதவி கேட்டு வர மாட்டார்கள்.

மீந்த எழுத்து நிறத்தைக் காற்றுப் புகாத சிறு டப்பாவில், மேலே பாலிதீன் தாள் வைத்து மூடி, குழுவின் பதிவேட்டில் ஷேட் எண்ணைக் குறித்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சுவரைத் தண்ணீர் விட்டு மென்மையாகக் கழுவி, உரிந்த இடத்தைத் தேய்த்துத் தொட்டுவிடுங்கள். வருடம் ஒருமுறை, எழுதிய எண்களும் உதவித் தொகையும் இன்னும் சரியா என்று பாருங்கள். மாறியிருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் வெள்ளையடித்துப் புதிதாக எழுதுங்கள்.